கழற்றி மாட்டும் கேரியர் வாங்கும் முன் ஆட்டிப் பாருங்கள்

பைக்குக்குக் கழற்றி மாட்டும் லக்கேஜ் கேரியர் வாங்கப் போனால், கடைக்காரர் பத்தே விநாடியில் அதைக் கழற்றிக் காட்டுவார், அதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். மாட்டச் சொல்லி, இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் இடமும் வலமும் பலமாக ஆட்டுங்கள். பைக்கும் சேர்ந்து ஆடினால் சரி. கேரியர் மட்டும் தனியாக ‘டக் டக்’ என்றால் வேண்டாம். காலியாக இருக்கும்போது கொஞ்சமாகத் தெரியும் ஆட்டம், பாரம் ஏறி மேடு பள்ளத்தில் ஓட ஓட, லாக்கின் பின் (pin) நுழையும் துளையைத் தேய்த்துப் பெரிதாக்கிக்கொண்டே போகும்.

என்னுடைய பைக் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. முதலில் வாங்கிய கேரியர் பின் மட்கார்டு தகட்டில் மட்டும் உட்காரும் வகை. காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், பாதி ஏறியிருப்பேன், பின்னால் ஏதோ சத்தம் வருகிறதே என்று நிறுத்திப் பார்த்தால் ஒரு பக்க லாக் திறந்து, பை சாய்ந்து, அதன் வார் சக்கரத்துக்கு நாலு விரல் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது ஸ்போக்கில் சிக்கியிருந்தால் பின் சக்கரம் அப்படியே பூட்டியிருக்கும். இன்றைக்கும் நினைத்தால் கை நடுங்குகிறது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, கேரியர் எதைப் பிடித்து நிற்கிறது என்பதைத்தான். சப்ஃப்ரேமையோ (சீட்டைத் தாங்கும் பின்புறச் சட்டம்), கிராப் ரெயில் (பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கம்பி) மாட்டும் போல்ட்டுகளையோ நான்கு இடத்தில் பிடிக்க வேண்டும். வெறும் தகட்டில் நின்றால் தகடு விரிசல் விடும். லாக்கில் ஸ்பிரிங் மட்டும் போதாது, கூடவே ஒரு குறுக்குப் பின்னோ கையால் முறுக்கும் திருகோ இருந்தால் ஒன்று விட்டாலும் இன்னொன்று பிடிக்கும். வெல்டிங் மூலைகளை விரலால் தடவிப் பாருங்கள், இரும்பு முறிவது பெரும்பாலும் அங்கேதான். ஊர்ப் பட்டறையில் செய்த இரும்புக் கேரியரும் நல்லதே, முறிந்தாலும் வழியில் எந்த ஊரிலும் ஒட்டிக்கொள்ளலாம். அலுமினியத்துக்கு அது அவ்வளவு எளிதில் நடக்காது.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பாதி முறுக்கி, கேரியர் நேராக உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கத்தை இழுத்துப் பொருத்தினால் லாக் எப்போதும் இழுபறியாகவே இருக்கும். நைலான் வளையம் வைத்த நட்டு போடுங்கள். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள், சிங்கிள் சிலிண்டர் எஞ்சின் அதிர்வில் எதுவும் தளரும்.

இனி பாரம். கேரியரில் எத்தனை கிலோ என்று போட்டிருக்கிறதோ அதைத் தாண்டவே கூடாது, பெட்டியின் எடையும் அதற்குள்தான். கேரியர் பின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே வைக்கும் சாமான் முன் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். கிளாசிக்கில் இரண்டு அச்சுக்கும் இடையே 139 செ.மீ., பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் 10 கிலோ வைத்தால் முன் சக்கரத்தின் பாரத்தில் 2 கிலோவுக்கு மேல் குறைந்துவிடும். வேகத்தில் ஹேண்டில் லேசாக அலைவது இதனால்தான். கனமான டூல்ஸ், தண்ணீர் எல்லாம் சீட்டை ஒட்டி வையுங்கள், ஸ்லீப்பிங் பேக்கும் துணியும் பின்னால் போகட்டும். பின் டயர் காற்று, பின் ஷாக்கின் இறுக்கம் இரண்டையும் மேனுவலில் சொன்னபடி கூட்டுங்கள். ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறதா என்று ஒரு சுவரில் அடித்துப் பாருங்கள், நிறைய பேர் விட்டுவிடுவது இது.

கட்டுவதற்குக் கொக்கி வைத்த ரப்பர் கயிற்றை மட்டும் நம்ப வேண்டாம். அது நீளும், நீண்டால் பை நகரும், கொக்கி தெறித்தால் கண் போகும். பக்கிள் வைத்த நைலான் பட்டை இரண்டு போதும், மிச்ச வாலைச் சுருட்டிச் செருகிவிடுங்கள். பை சைலன்சரைத் தொடக் கூடாது, டெயில் லைட்டையும் இண்டிகேட்டரையும் நம்பர் பிளேட்டையும் மறைக்கவும் கூடாது.

ஊருக்குத் திரும்பியதும் கழற்றிவிடுங்கள், அதற்குத்தானே இந்த வகையை வாங்கினோம். பின்னால் அம்மாவோ வயதானவர்களோ ஏறும்போது காலைத் தூக்கிப் போடக் கேரியர் பெரிய இடைஞ்சல். கேரியரைக் கழற்றிய பிறகும் பைக்கிலேயே நிற்கும், அதை மாட்டும் குமிழ்களில் மண் ஏறாமல் ரப்பர் மூடி போட்டு, மழைக்காலத்தில் லாக்கில் ஒரு துளி எண்ணெய் விட்டு, பின்களை ஒரு டப்பாவில் போட்டுக் கேரியரோடேயே கட்டி வையுங்கள். அடுத்த பயணத்துக்கு விடிகாலை நாலு மணிக்கு அதைத் தேட வேண்டியிருக்காது.