அப்பா விட்டுட்டுப் போன பிஸ்டல்: எண்ணெய் டப்பாவ எடுக்கிறதுக்கு முன்னாடி

அப்பாவோ அம்மாவோ வச்சிருந்த பிஸ்டல் கைக்கு வந்ததும் முக்கால்வாசி பேர் பண்ற முதல் வேலை, ஒரு துணிய எடுத்து எண்ணெய் ஊத்தி பளபளன்னு தேய்க்கிறதுதான். அதத்தான் கடைசியா பண்ணணும். பழைய துப்பாக்கிய சுட்டுக் கெடுத்தவங்களவிட கிளீன் பண்றேன்னு கெடுத்தவங்கதான் ஜாஸ்தின்னு எனக்கு ஒரு அபிப்பிராயம். முதல்ல லைசென்ஸ் சமாச்சாரம், அடுத்து உள்ள தோட்டா இருக்கான்னு பாக்கிறது, அப்புறம் இது என்ன துப்பாக்கின்னு தெரிஞ்சுக்கிறது, அதுக்கப்புறம்தான் எண்ணெய்.

லைசென்ஸ் விஷயம் சுருக்கமா: அப்பா பேர்ல இருந்த அனுமதி வீடு நிலம் மாதிரி தானா உங்க பேருக்கு வந்துடும்னு நெனச்சுக்காதீங்க, பல நாடுகள்ல அனுமதி அந்த ஆளுக்குக் குடுத்தது, அவரோட முடிஞ்சுது. நீங்க இருக்கிற எடத்துல சட்டம் என்னன்னு மொதல்ல ஃபோன்ல கேளுங்க. பையில போட்டுக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்கு நடந்துடாதீங்க, சில எடத்துல அப்படி எடுத்துட்டுப் போறதே தனி கேஸ். பேப்பர் எதுவுமே இல்லாம பீரோவுக்குள்ள இருந்து கெடச்சுதுன்னா ஒரு வக்கீலக் கேட்டுட்டு அப்புறம் வாயத் தெறங்க. வச்சுக்க மனசில்லன்னா ஒப்படைக்கிறது, லைசென்ஸ் உள்ள டீலருக்குக் குடுக்கிறது, சுட முடியாதபடி செயலிழக்க வச்சு ஞாபகத்துக்கு வச்சுக்கிறதுன்னு வழி இருக்கு, உங்க ஊர் சட்டம் எத விடுதுன்னு பாருங்க.

இப்ப முக்கியமான எடம். அந்த பிஸ்டல் லோடாகித்தான் இருக்குன்னு வச்சுக்கங்க. "அப்பா எப்பவும் காலியாத்தான் வச்சிருப்பாரு"ன்னு யார் சொன்னாலும் சரி, அம்மாவே சொன்னாலும் சரி. பேரல் வாய் ஆள் இல்லாத பக்கம் பாக்கணும், சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருந்தா அதுவும் ஆள் இருக்கிற பக்கம்தான். விரல் ட்ரிக்கர்ல படவே கூடாது, ஃப்ரேம் மேல, அதாவது பிஸ்டலோட உடம்பு மேல, நீட்டி வைங்க. ஆட்டோமேட்டிக் டைப்னா மொதல்ல மேகசின, அதாவது தோட்டா அடுக்கியிருக்கிற பெட்டிய, கழட்டணும், அப்புறம்தான் ஸ்லைட, அதாவது மேல முன்னும் பின்னும் நகர்ற இரும்புப் பகுதிய, பின்னாடி இழுக்கணும், இந்த வரிசை மாறவே கூடாது. மாத்தி பண்ணா என்ன ஆகும்னா, ஸ்லைட இழுத்து விடுறப்ப மேகசின்ல இருந்து ஒரு தோட்டா மேல ஏறி சேம்பர்ல, அதாவது பேரலோட பின்பக்கம் சுடத் தயாரா தோட்டா நிக்கிற குழியில, போய் உக்காந்துரும், அப்புறம் மேகசினக் கழட்டிட்டு காலின்னு நீங்க நம்பிக்கிட்டு இருப்பீங்க. இப்படி நடந்த விபத்துதான் எக்கச்சக்கம். மேகசின் கையில இருக்கு, அதனால சுடாதுன்னும் நம்பக் கூடாது, பிரவுனிங் ஹைபவர் மாதிரி சிலதுலதான் மேகசின் இல்லன்னா ட்ரிக்கர் வேலை செய்யாத ஏற்பாடு இருக்கு, மத்த நெறைய பிஸ்டல் தாராளமா சுடும்.

ஸ்லைட இழுத்துப் பின்னாடியே நிக்க வச்சு சேம்பருக்குள்ள வெளிச்சம் அடிச்சுப் பாருங்க, பாத்ததோட நிக்காம சுண்டு விரல விட்டுத் தடவியும் பாருங்க. ஏன்னா தோட்டாவ வெளிய இழுக்கிற கொக்கி, எக்ஸ்ட்ராக்டர்னு சொல்வாங்க, பழசுல தேஞ்சோ ஒடஞ்சோ இருக்கலாம், நீங்க எத்தன தடவ இழுத்தாலும் அந்தத் தோட்டா உள்ளயே இருக்கும், எதுவும் வெளிய விழலன்னதும் காலின்னு தோணும். இன்னொண்ணு, கோல்ட் 1911ங்கிற மாடல் மாதிரி சிலதுல சேஃப்டி போட்டிருந்தா ஸ்லைடு நகராது, சேஃப்டிய எடுத்துட்டுத்தான் இழுக்கணும், அந்த நேரத்துல பேரல் வாய் எங்க பாக்குதுன்றதுல ரெண்டு மடங்கு கவனம் வேணும். ரிவால்வர்னா சிலிண்டரத் தெறந்து ஒவ்வொரு ஓட்டையா எண்ணிப் பாருங்க, ரொம்பப் பழசுல சிலிண்டர் வெளிய வராது, பக்கத்துல ஒரு சின்னக் கதவு இருக்கும், அது வழியா ஒண்ணொண்ணா சுத்தி எடுக்கணும். ஏதாவது சிக்கி நகரலன்னா அங்கயே விட்டுடுங்க, சுத்தியல் ஸ்க்ரூட்ரைவர்னு எறங்காதீங்க, துப்பாக்கி மெக்கானிக்கக் கூப்பிட்டு இப்படி சிக்கியிருக்குன்னு சொல்லுங்க, அவர் எப்படிக் கொண்டு வரணும்னு சொல்வாரு.

வெளிய வந்த பழைய தோட்டாவ வச்சு சுட்டுப் பாக்கலாம்னு ஆசைப்படாதீங்க. பச்சை பூத்திருந்தாலும் சரி, பாக்க புதுசா இருந்தாலும் சரி, எத்தன வருஷம் எந்தச் சூட்டுல கெடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. தனியா எடுத்து வச்சு, முறைப்படி ஒப்படைச்சிருங்க, குப்பையில போடக் கூடாது.

காலியான பிறகு நல்ல வெளிச்சத்துல உக்காந்து படிங்க, ஆமா, படிங்க, ஏன்னா இரும்பு மேல நெறைய எழுதியிருக்கும். ஸ்லைடுல கம்பெனி பேர், கேலிபர் (எந்த அளவு தோட்டான்றது), ஃப்ரேம்ல சீரியல் நம்பர். எங்கப்பாவோடது வால்தர் பிபி, 1929ல வந்த மாடல், ஸ்லைடுல 7.65 மி.மீ.ன்னு இருக்கும். இந்த 7.65ல தான் கொழப்பமே. 7.65 பிரவுனிங்னாலும் .32 ஏசிபின்னாலும் ஒண்ணுதான், ஆனா லூகர் பிஸ்டலுக்கு வர்ற 7.65 பாரபெல்லம் வேற தோட்டா. 9 மி.மீ. இன்னும் மோசம். 9 மி.மீ. குர்ட்ஸ், கோர்ட்டோ, .380 ஏசிபி எல்லாம் ஒரே தோட்டா, கேஸோட, அதாவது குண்டு சொருகியிருக்கிற உலோகக் கூட்டோட, நீளம் 17 மி.மீ., மக்கரோவ் 18 மி.மீ. ஆனா குண்டோட அகலமே கொஞ்சம் பெருசு, பாரபெல்லம் 19 மி.மீ., பிரஷரும் ரொம்ப அதிகம். வெறும் 9 மி.மீ.ன்னு மட்டும் இருந்தா அத வச்சு தோட்டா வாங்கக் கூடாது, தெரிஞ்ச ஆள்கிட்ட சேம்பர அளந்து வாங்கிக்கணும்.

அப்புறம் சின்னச் சின்ன முத்திரை இருக்கும், கிரீடம், கழுகு, எழுத்துன்னு. அதுல பலது ப்ரூஃப் மார்க், வழக்கத்தவிட அதிக பிரஷர் தோட்டாவ சுட்டு பேரல் தாங்குதான்னு டெஸ்ட் பண்ணதுக்கு அடையாளம். நீள்வட்டத்துக்குள்ள ஈ.எல்.ஜி.ன்னு மேல கிரீடத்தோட இருந்தா பெல்ஜியத்துல லியேஜ்ல டெஸ்ட் ஆனது, ஜெர்மன் துப்பாக்கில கிரீடம் இல்லன்னா கழுகு, கீழ Nங்கிற எழுத்து இருந்தா அது புகையில்லா வெடிமருந்துக்கு டெஸ்ட் ஆனதுன்னு அர்த்தம். 1900க்கு முன்னாடி உள்ள ரிவால்வர் உங்ககிட்ட வந்திருந்தா இது ரொம்ப முக்கியம், கருமருந்துக்குன்னு, அதாவது பழங்காலத்து கறுப்பு வெடிமருந்துக்குன்னு, செஞ்ச சிலிண்டர்ல இப்ப உள்ள தோட்டாவப் போட்டா வெடிச்சு செதறலாம். கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாதிரி துப்பாக்கின்னா சீரியல் நம்பரக் குடுத்து எப்ப ஃபேக்டரியில இருந்து வெளிய போச்சுன்னு லெட்டர் வாங்கலாம், காசு கேப்பாங்க, ஆனா அப்பா சொன்ன கதை எவ்வளவு தூரம் நெசம்னு அதுல தெரிஞ்சுபோகும், தெரிஞ்சுக்க தைரியம் இருந்தா வாங்குங்க.

கழட்டுறதுக்கு அந்த மாடலோட மேனுவலத் தேடி எடுங்க. பிபின்னா ட்ரிக்கர் கார்ட கீழ இழுத்து லேசா ஒரு பக்கம் சாச்சு நிக்க வச்சு, ஸ்லைட முழுசா பின்னாடி இழுத்து பின்பக்கத்த தூக்கி முன்னாடி விட்டா வந்துரும், பேரல் ஃப்ரேம்லயே இருக்கும், அத சுத்தி ஸ்பிரிங் இருக்கும், அந்த ஸ்பிரிங்க எந்த முனை எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துட்டு அப்புறம் உருவுங்க. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் போட்டோ எடுங்க, கண்ணுக்கு கண்ணாடி போட்டுக்கங்க, சில ஸ்பிரிங் பெரிய பிளாஸ்டிக் கவருக்குள்ள வச்சுக் கழட்டினா பறந்து போகாது. மேனுவல்ல சொன்ன அளவுக்கு மட்டும் போதும், ஸ்க்ரூவ நோண்டாதீங்க. சாதா ஸ்க்ரூட்ரைவரோட முனை ஆப்பு மாதிரி சரிவா இருக்கும், பழைய ஸ்க்ரூவோட காடியில சரியா உக்காராம நழுவி தலையத் தின்னுரும், அப்புறம் அந்தக் காயம் என்னைக்கும் போகாது. ட்ரிக்கர் பக்கத்து பார்ட்ஸ் எல்லாம் மெக்கானிக்குக்கு விட்டுடுங்க.

இப்ப பாருங்க, தொடாம பாருங்க. பேரல ஒரு பக்கம் வெளிச்சம் காட்டி மறுபக்கத்துல இருந்து பாத்தா உள்ள சுருள் கோடு தெரியும், குழி குழியா இருந்தா பழைய துரு. கோட்டுக்குக் குறுக்க மோதிரம் மாதிரி ஒரு கறுப்பு வளையம் தெரிஞ்சா அது பேரல் வீங்கினதோட அடையாளம், எப்பவோ ஒரு குண்டு பாதியில நின்னு அதுக்குப் பின்னாடியே இன்னொண்ணு சுட்டிருப்பாங்க, அத சுடக் கூடாது. ஃபயரிங் பின், அதாவது தோட்டாவோட அடியில குத்தி வெடிக்க வைக்கிற ஊசி, உள்ள போயிட்டு வெளிய வருதான்னு பாருங்க. பல வருஷத்துப் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி எறுகி பின்ன முன்னாடி தள்ளின நெலையிலயே பிடிச்சு வச்சிருக்கும், அப்படி இருக்கிறப்ப தோட்டா ஏறி ஸ்லைடு மூடுற அந்த நொடியே ட்ரிக்கர தொடாமலே வெடிச்சிடும்.

கிளீனிங் பெரிய வித்தை இல்ல. சால்வெண்ட், அதாவது அழுக்கக் கரைக்கிற திரவம், நனைச்ச துணித் துண்ட முடிஞ்சா சேம்பர் பக்கம் இருந்து பேரல் வாய் பக்கமா தள்ளுங்க, கொஞ்ச நேரம் ஊற விடுங்க, பிரஷ், மறுபடி துணி, துணி சுத்தமா வர்ற வரைக்கும். நிக்கல் பூச்சு பிஸ்டல்னா அமோனியா உள்ள செம்பு சால்வெண்ட் வேண்டாம், பூச்சுக்கு அடியில உள்ள செம்ப அரிச்சு உரிஞ்சு வந்துரும். பழைய ராணுவத் தோட்டா சுட்டிருந்தா அதோட பிரைமர், அதாவது அடியில மொதல்ல பத்திக்கிற மருந்து, உப்பு விட்டுட்டுப் போகும், உப்பு எண்ணெயில கரையாது, சுடுதண்ணி விட்டுக் கழுவி நல்லா காயவச்சு அப்புறம் எண்ணெய். வேல முடிஞ்சதும் பச்சத் தண்ணியில சோப்பு போட்டு கை கழுவுங்க, அந்தக் கறுப்புல ஈயம் இருக்கு, சாப்பிடுற மேசையில இந்த வேலைய வச்சுக்காதீங்க.

துரு விஷயத்துலதான் நெறைய பேர் சொதப்புறாங்க. எங்கப்பா பிஸ்டல் லெதர் உறையிலயே கெடந்துச்சு, எடுத்தப்ப உறையோட பித்தளை பட்டன் பட்ட எடத்துல ஸ்லைடு மேல பச்சையா ஒரு வட்டம், அத சுத்தி மிளகு தூவினாப்ல செம்பழுப்பு புள்ளி. லெதர் ஈரத்த இழுக்கும், பதம் போட்ட உப்பும் ஆசிடும் அதுல இருக்கும், அதனால உறையில போட்டு வைக்கவே கூடாது, உறை தனி துப்பாக்கி தனி. அந்தப் புள்ளிங்களுக்கு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுட்டு, 0000 நம்பர் ஸ்டீல் வுல், அதுவும் எண்ணெய் நனைச்சு, ரொம்ப லேசா தடவினா மேல உள்ள துரு வந்துரும், கீழ இரும்பு மேல ஏத்தின நீலக் கறுப்பு (புளூயிங்னு சொல்வாங்க) அப்படியே நிக்கும். உப்புத்தாள், வினிகர், துரு நீக்கும் ஆசிட் எதுவும் ஆகாது, ஏன்னா அந்த நீலக் கறுப்பும் இரும்போட ஒரு ஆக்சைடுதான், ஆசிட்டுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, சேத்துத் தின்னுரும். பாலிஷ் போட்டு புது புளூயிங் அடிச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க, முத்திரை எழுத்தெல்லாம் மழுங்கி சேகரிக்கிறவங்ககிட்ட மதிப்பும் எறங்கிரும். கிரிப் ஓரத்துல அப்பா உள்ளங்கை பட்டு வெளுத்த எடத்த எதுக்குங்க அழிக்கணும்? மரக் கிரிப்ல எண்ணெய் ஊறக் கூடாது, பேக்லைட் கிரிப்னா ஸ்க்ரூவ இறுக்காதீங்க, விரிசல் விடும்.

எண்ணெய் கொஞ்சம் போதும், ஸ்லைடு ஓடுற தடத்துல ஒவ்வொரு சொட்டு, வெளிய துணியால ஒரு பூச்சு. ஃபயரிங் பின் ஓட்டைக்குள்ள ஊத்த வேண்டாம், அதுதான் நாளைக்கு எறுகப் போற கிரீஸ். சும்மா வச்சுப் பாக்கத்தான்னா மியூசியத்துல போடுற மாதிரி மைக்ரோகிரிஸ்டலைன் வாக்ஸ் மெல்லிசா தேச்சு விடலாம். வெறும் கையால தொட்டா தொட்ட எடத்த தொடைச்சிருங்க, வேர்வை உப்பு ஒரே ராத்திரியில ரேகைய துருவா பதிச்சிரும். பூட்டுற பெட்டி, சிலிகா ஜெல், தோட்டா வேற எடத்துல பூட்டி, சாவி புள்ளைங்களுக்குத் தெரியாத எடத்துல. ஈரப்பதம் 50 சதவீதத்த தாண்டாம பாத்துக்கங்க, மழைக்காலம்னா அடிக்கடி தெறந்து பாருங்க.

சுடணும்னா மெக்கானிக் ஓகே சொன்ன பிறகுதான், அதுவும் ரேஞ்சுல, கண்ணு காதுக்கெல்லாம் பாதுகாப்போட. ரிகாயில் ஸ்பிரிங்க, அதாவது ஸ்லைட திரும்ப முன்னாடி தள்ளுற ஸ்பிரிங்க, மாத்திட்டுப் போங்க, தளந்த ஸ்பிரிங்கால ஸ்லைடு போய் ஃப்ரேம்ல இடிச்சு இடிச்சு விரிசல் வரும். மேகசின்ல முதல்ல ஒரே ஒரு தோட்டா, அடுத்து ரெண்டு, ஏன்னா உள்ள தேஞ்சிருந்தா ஒரு அழுத்தலுக்கு ரெண்டு சுடும், மேகசின் நெறைய இருக்கிறப்ப அது தெரிய வரக் கூடாது. .32 ஏசிபிக்கு அடியில லேசா விளிம்பு இருக்கும், மேல உள்ள தோட்டாவோட விளிம்பு கீழ உள்ளதோட விளிம்புக்கு முன்னாடி இருக்கிற மாதிரி அடுக்கணும், பின்னாடி போனா கொக்கி போட்டு நின்னுரும். பழைய பிஸ்டல் பலதுக்கு கீழ விழுந்தா வெடிக்காம தடுக்கிற ஏற்பாடே கிடையாது. லிவர அமுக்கி ஹேமர, அதாவது ஃபயரிங் பின்ன அடிக்கிற சுத்திய, எறக்குற டைப்புல, போர்க்காலத்து வால்தர் பி38 மாதிரி, அந்த லிவர தோட்டா ஏத்தி வச்சு அமுக்காதீங்க, உள்ள பார்ட் தேஞ்சிருந்தா சுட்டுரும். இடுப்புல சொருகிட்டுப் போக இது லாயக்கில்ல.

கடைசியா, பேப்பர். சீரியல் நம்பர், முத்திரைங்களோட போட்டோ, அப்பாவோட பழைய லைசென்ஸ், எப்ப எங்க வாங்கினாருன்னு வீட்டுப் பெரியவங்க சொல்றது, எந்த ஸ்பிரிங்க எப்ப மாத்துனீங்கன்றது, எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போடுங்க. அந்த ஃபைல துப்பாக்கிப் பெட்டிக்குள்ள வைக்காதீங்க, பெட்டி திருடு போனா போலீஸ் முதல்ல கேக்கப் போறது அந்த நம்பரத்தான்.