ஸ்டார் ட்ரெக் ஆன்லைன்: புதியவர் முதல் கலத்தை ஓட்டுவது எப்படி

விண்கலத் தலைவராகப் பலரோடு இணையத்தில் ஆடும் விளையாட்டான ஸ்டார் ட்ரெக் ஆன்லைன் 2010 பிப்ரவரியில் வெளிவந்தது. 2012 ஜனவரி முதல் அதை இலவசமாக விளையாடலாம். பல ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வந்த கதைகள், கலங்கள், நாணய வகைகள் எல்லாம் ஒரே திரையில் குவிந்திருப்பதால், புதிதாக வருபவர் முதல் நாளிலேயே திகைத்துப் போவது இயல்பு. அவற்றில் பெரும்பகுதியை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். கலத்தை எந்தப் பக்கம் திருப்பி எப்போது சுடுவது என்பது கைவந்துவிட்டால், மற்றவற்றை ஆடிக்கொண்டே கற்றுக்கொள்ளலாம்.

முதற்படி, எங்கே விளையாடுவது என்று முடிவு செய்வது. கணினி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகிய மூன்றும் தனித்தனி உலகங்கள். ஒன்றில் வளர்த்த கதாபாத்திரத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. கணினியில் ஸ்டீம் வழியாகப் பதிவிறக்கிக்கொள்வது எளிது.

அடுத்தது கதாபாத்திரம். கூட்டமைப்பு, கிளிங்கன், ரோமுலன் எனப் பல தரப்புகள் இருந்தாலும், முதல் முறை 2409ஆம் ஆண்டில் தொடங்கும் கூட்டமைப்பு அதிகாரியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. கதை படிப்படியாக விரியும், உதவி கேட்டாலும் பலருக்குத் தெரிந்த பாதையாக இருக்கும். போர்த்தந்திரம், பொறியியல், அறிவியல் என்ற மூன்று துறைகளில் எதை எடுப்பது என்று பலர் நீண்ட நேரம் யோசிக்கிறார்கள். எந்தத் துறையினரும் எந்த வகைக் கலத்தையும் ஓட்டலாம் என்பதால், அவ்வளவு யோசனை தேவையில்லை. (தொடக்கத்தில், ஸ்டார் ட்ரெக் தொடரில் ஸ்பாக்காக நடித்த லியோனார்ட் நிமாய் இவ்விளையாட்டுக்குக் குரல் கொடுத்தார். 2015இல் அவர் மறைந்தபோது விளையாட்டில் வரும் வல்கன் கிரகத்தில் அவருக்கு ஒரு நினைவிடம் எழுப்பினார்கள். வழியில் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.)

பயிற்சிக் கட்டம் முடிந்ததும் மிராண்டா வகைச் சிறு கலம் ஒன்று உங்கள் பொறுப்புக்கு வரும். இனி நிதானமாகப் படியுங்கள், ஏனெனில் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான்.

உங்கள் கலத்தின் கேடயம் முன், பின், இடம், வலம் என நான்கு முகங்களாகப் பிரிந்திருக்கிறது. எதிரி எந்தப் பக்கத்திலிருந்து சுடுகிறானோ அந்த முகம் மட்டுமே தேயும். ஆகவே ஒரு முகம் சிவந்து மெலியும்போது கலத்தைத் திருப்பி, அடி படாத முகத்தை எதிரிக்குக் காட்ட வேண்டும். எதிரிக்கும் இதே விதி பொருந்துவதால், நீங்கள் அவனுடைய ஒரே முகத்தை விடாமல் தாக்கி அதைத் திறக்கப் பார்க்க வேண்டும்.

ஆயுதங்களில் ஒளிக்கற்றை பாய்ச்சும் பீம் அரே 250 பாகை வரை சுடும். முன்புறம் பொருத்தியதும் பின்புறம் பொருத்தியதும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி, கலத்தின் இரு விலாக்களிலும் சுமார் 70 பாகை அகலத்தில் அமைகிறது. எதிரியை நேருக்கு நேர் பார்த்து நின்றால் முன் ஆயுதங்கள் மட்டுமே வேலை செய்யும். விலாவைக் காட்டிச் சுற்றி வந்தால் எல்லா பீம்களும் ஒருசேரப் பாயும். எறிகணையான டார்பிடோ 90 பாகைக்குள் மட்டுமே சுடும், அதன் தாக்கத்தில் பெரும்பங்கைக் கேடயம் தாங்கிக்கொள்ளும். ஆகையால் பீம்களால் கேடயத்தைத் திறந்துவிட்டு, அதன் பிறகு மூக்கைத் திருப்பி டார்பிடோவை விடுவதே முறை. கிடைக்கிற ஆயுதங்களையெல்லாம் கலந்து மாட்டாதீர்கள். அனைத்தும் ஃபேசர் (ஒரு வகை ஆற்றல் ஆயுதம்) என்றால் ஃபேசராகவே இருக்கட்டும், ஏனெனில் பின்னால் கிடைக்கும் துணைக்கருவிகள் பெரும்பாலும் ஒரு வகை ஆயுதத்துக்கே வலுவூட்டும்.

கலத்தின் ஆற்றல் ஆயுதம், கேடயம், எஞ்சின், துணை அமைப்பு என நான்காகப் பங்கிடப்படுகிறது. தொடக்கத்தில் பகிர இருப்பது மொத்தம் 200 புள்ளிகள். சண்டையில் ஆயுதத்துக்கு அதிகம் ஒதுக்குங்கள். பல பீம்கள் ஒரே நேரத்தில் சுடும்போது ஆயுத ஆற்றல் இறங்கும், அது இறங்க இறங்க அடியும் பலவீனமாகும். இன்னொன்று: சண்டையில் நின்றுவிடாதீர்கள், நிற்கும் கலத்தின் மீது குறி எளிதில் படும். அதற்காக முழு வேகத்தில் எதிரிக் கூட்டத்துக்குள் பாய்வதும் கூடாது. முழு வேகப் பயணம் மற்ற அமைப்புகளின் ஆற்றலை உறிஞ்சி எஞ்சினுக்குக் கொடுத்துவிடுகிறது. இது தெரியாமல் நான் என் முதல் வாரத்தில் மூன்று கிளிங்கன் கலங்களுக்கு நடுவே போய் இறங்கி, ஒரு குண்டு கூடச் சுடாமல் வெடித்துச் சிதறினேன். நல்லவேளையாக, வெடித்த கலம் சில நொடிகளில் அருகிலேயே மீண்டும் தோன்றும்.

10, 20, 30, 40 ஆகிய நிலைகளை எட்டும்போதெல்லாம் புதிய கலம் ஒன்று இலவசமாகவே கிடைக்கும். அதனால் இடையில் பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. வழியில் விழும் பூட்டிய பெட்டிகளைத் திறக்கச் சாவி கேட்பார்கள். அதற்குப் பணம் செலவிடுவது என் கணக்கில் வீண். விளையாட்டில் திரட்டும் டைலித்தியம் என்ற தாதுவை ஒரு கதாபாத்திரம் நாளொன்றுக்கு 8,000 வரை சுத்திகரிக்கலாம், அதைச் சேர்த்து, உண்மைப் பணத்துக்கு விற்கப்படும் ஸென் நாணயமாக மாற்றிக்கொள்ளும் சந்தை விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பொறுமை உள்ளவருக்கு அந்த வழி போதும்.

தரையில் நடக்கும் சண்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் கலத்தின் அதிகாரிகள் நால்வர் கூடவே வருவார்கள். பாதி இயந்திரமான போர்க் (Borg) இனத்தாரை எதிர்கொள்ளும்போது மட்டும் துப்பாக்கியின் அலைவரிசையை மாற்றும் கருவியைக் கையில் வைத்திருங்கள். சில குண்டுகளுக்குப் பிறகு அவர்கள் உங்கள் துப்பாக்கிக்குப் பழகிவிடுவார்கள், அதன்பின் சுட்டாலும் பயன் இராது.

கதைப்பணிகளில் கை தேறிய பிறகு ஐவர் சேரும் கூட்டுப் பணிக்கு வரிசையில் நில்லுங்கள். போர்க் இனத்தாருக்கு எதிரான ‘இன்ஃபெக்டட்’ பணியில் முதலில் கனசதுரக் கலத்தை அழித்தபின், ஒவ்வொரு பக்கமும் ஒரு பெரிய மின்மாற்றியும் அதைச் சுற்றி நான்கு மின்னாக்கிகளும் இருக்கும். ஒரு மின்னாக்கி வெடித்தவுடனே சிறு உருண்டைக் கலங்கள் புறப்பட்டு மின்மாற்றியைப் பழுதுபார்க்கப் போகும் என்பதால், நான்கையும் பத்து விழுக்காடு வலிமை மட்டும் எஞ்சும்வரை தேய்த்து வைத்துக்கொண்டு, பிறகு ஒரே நேரத்தில் வெடிக்க வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். குழுவில் யாரேனும் அவசரப்பட்டு ஒன்றை முன்கூட்டியே வெடிக்க வைத்துவிட்டால், அவரைத் திட்டிக்கொண்டிராமல், உடனே உங்கள் விலாவை அந்த உருண்டைகளின் பக்கம் திருப்பி, அவை மின்மாற்றியை அடையும் முன் சுட்டு வீழ்த்துங்கள்.