40 விநாடி தாமதமாக வந்த விண்வெளி நிலையம்

2024 அக்டோபர் நடுவில் சுசின்ஷான்-அட்லஸ் வால்மீனைப் படமெடுக்கையில், சர்வதேச விண்வெளி நிலையம் குறுக்கிடும் நேரமும் தெரிய வேண்டியிருந்தது. வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருள் சொன்னதைவிட அது சுமார் 40 விநாடி பிந்தியே வந்தது. கணினிக் கடிகாரம், அட்சரேகை, நேர மண்டலம் எல்லாம் சரி. மண்டலம் பிழைத்தால் அரைமணிக் கணக்கில் விலகும், விநாடிகளில் அல்ல. மூன்று மாலைகள் வீண்.

கவனிக்க வேண்டியது: பாதை ஏறக்குறைய அதே விண்மீன்களை ஒட்டியே போனது, நேரம் மட்டும் பிசகியது. இடக்குறிப்பு தவறென்றால் பாதையே நகர்ந்திருக்கும். ஆகவே சுற்றுப்பாதைத் தரவுதான் பழையது. அந்தத் தரவை இரண்டு வரிகளில் தரும் டி.எல்.இ.யின் முதல் வரியில் 19 முதல் 32 வரையான இடங்களைப் பார்த்தேன்: 24275.5 என்று தொடங்கியது. அதாவது 2024-இன் 275-ஆம் நாள், அக்டோபர் 1 நண்பகல், உலக நேரம். இரண்டு வாரப் பழசு! இடையில் நிலையத்தின் எஞ்சினை இயக்கி உயரம் கூட்டினால் சுற்றுக்காலம் நீளும், தாமதம் நாளுக்கு நாள் சேரும். விநாடிக்கு 7.66 கி.மீ. வேகத்தில் 40 விநாடி என்பது 300 கி.மீ.

செயற்கைக்கோள் சுற்றுப்பாதைத் தரவு தரும் செலஸ்ட்ராக் தளத்திலிருந்து புதிய தரவு ஏற்றியதும் வித்தியாசம் ஓரிரு விநாடிக்குள் வந்தது. வால்மீனின் தரவு இதோடு புதுப்பிக்கப்படாது. ஸ்டெல்லேரியத்தின் சூரியக் குடும்பத் திருத்தி (Solar System Editor) செருகுநிரலில் அதைத் தனியே இறக்க வேண்டும்.