பீரோவுக்கும் மீன் தொட்டிக்கும் நடுவில் ரவுட்டர்: வைஃபையில் செய்யக் கூடாதவை

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெரு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. போனில் வைஃபை தேடினால் 15, 20 பெயர்கள் வரும். போன வாரம் எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டார். "தம்பி, உள் ரூம்ல நெட்டே வரல. 100 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்கிடட்டுமா?"

போய்ப் பார்த்தால், இரும்பு பீரோவுக்கும் மீன் தொட்டிக்கும் நடுவில் ரவுட்டர் ஒளிந்திருந்தது. இரும்பு அலையைத் திருப்பி அனுப்பிவிடும், தண்ணீர் உறிஞ்சிவிடும். அங்கேயே வைத்துக்கொண்டு பிளானைக் கூட்டினால் காசுதான் போகும். கொஞ்சம் நீளமான கேபிள் வாங்கி, வீட்டின் நடுவில் தலை உயரத்தில் ஒரு பலகைமேல் வைத்தோம். அன்று மாலையே அக்காவின் மகள் உள் ரூமில் உட்கார்ந்து வீடியோ கால் பேசினாள்.

பெரும்பாலான ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும். அடுத்த தவறு, எப்போதும் 5 கிகாஹெர்ட்ஸையே பிடித்துக்கொண்டிருப்பது. வேகம் அதிகம்தான், ஆனால் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் தளர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையில் அது சரி. இரண்டு சுவர் தள்ளி 2.4 தான் கைகொடுக்கும். ஸ்மார்ட் பல்புகள் பெரும்பாலும் 2.4-இல் மட்டுமே இயங்கும். ரவுட்டரில் 2.4-ஐ அணைத்துவிட்டு, பல்பு கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் நிறைய.

2.4 அலைவரிசை சேனல் என்ற எண்ணிட்ட பிரிவுகளாக இருக்கும். அவற்றில் ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 மூன்றுதான். அங்கே கூட்டம் என்று 3-க்குப் போகாதீர்கள். அதே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு, முறை வைத்துப் பேசும். 3-இல் நின்றால் 1-க்கும் 6-க்கும் வெறும் இரைச்சலாகிவிடுவீர்கள், உங்களுக்கும் அவை இரைச்சல்தான். மூன்றில் எது காலியோ அதை எடுங்கள்.

அப்புறம் பாஸ்வேர்டு. பலர் தங்கள் மொபைல் எண்ணையே வைக்கிறார்கள். என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துவது இதுதான். நம் நாட்டு எண்கள் 6, 7, 8, 9 இவற்றில்தான் தொடங்கும். மொத்தமே 400 கோடி வாய்ப்புதான். உங்கள் போன் ரவுட்டரோடு இணையும் நொடியின் சிக்னலை யாராவது தெருவிலிருந்து பதிவு செய்துகொண்டால், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி சில மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்துவிடும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வையுங்கள். ரவுட்டருக்குள் நுழையும் 'அட்மின்' பாஸ்வேர்டு வேறு, அதையும் மாற்றுங்கள். வீட்டில் கேமரா இருந்தால் அதை கெஸ்ட் வைஃபையில், அதாவது விருந்தினருக்கென ரவுட்டர் தரும் தனி இணைப்பில், தனியாகப் போடுங்கள்.