மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டியை வாங்கலாமா?

இப்போது நான் ஓட்டும் வண்டியை வாங்கியபோது ஓடோமீட்டரில் 3,12,000 கிலோமீட்டர் இருந்தது. அதற்கு முந்தையது 88,000 மட்டுமே ஓடியிருந்தது. குறைவாக ஓடிய அந்த வண்டியைத்தான் இரண்டே வருடத்தில் கழித்துக்கட்ட வேண்டியதாயிற்று. பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம், உள்ளிருந்தே அரித்துப் போயிருந்தது. வாங்கும்போது பானட்டைத் திறந்து அரை மணி நேரம் எஞ்சினைப் பார்த்தேன். கீழே படுத்துப் பார்க்கவில்லை.

அதனால் வண்டி பார்க்கப் போகும்போது பழைய சட்டை, டார்ச், சின்னச் சுத்தியல், படுக்க ஒரு அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் வேலை சேஸிஸ். எஞ்சினை இறக்கிப் புதுப்பிக்கலாம், கியர் பாக்ஸை மாற்றலாம். சேஸிஸ் போனால் வண்டியே போனது மாதிரி. மேலாகத் தெரியும் செந்துரு எல்லாப் பழைய வண்டியிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். சேறு உள்ளே போய்த் தங்கும் இடங்களில்தான் ஆபத்து: பின்சக்கரத்துக்கு மேல் சேஸிஸ் வளையும் இடம், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாட்டும் இடங்கள், பாடி உட்காரும் இடங்கள். சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். அரித்த இடத்தில் சத்தம் மங்கிவிடும், சில சமயம் செதில் செதிலாக உதிரும். அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள். ஸ்டீயரிங் பாக்ஸ் மாட்டியிருக்கும் இடத்தில் விரிசலோ வெல்டிங் ஒட்டோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சேஸிஸில் சந்தேகம் வந்தால் அதோடு எழுந்து வந்துவிடுங்கள். விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.

அப்புறம் அந்தக் கிலோமீட்டர் எண். அதை மணிக்கணக்காக மாற்றி யோசித்துப் பாருங்கள். சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓடிய 3 லட்சம் என்றால் எஞ்சின் 5,000 மணி நேரம் வேலை செய்திருக்கிறது. குவாரியிலும் காட்டுப் பாதையிலும் சராசரி 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்த வண்டி அதே 5,000 மணி நேரத்தில் 75,000-தான் காட்டும். ஆகவே எவ்வளவு ஓடியது என்பதைவிட எங்கே ஓடியது என்று கேளுங்கள். பதிலை வண்டியிலும் தேடுங்கள். பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஓட்டுநர் இருக்கை குழிந்திருக்க, மீட்டர் மட்டும் 90,000 என்றால் நம்ப வேண்டாம். கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டு ஓடியிருந்தால் மீட்டர் உண்மையைவிடக் குறைவாகவே காட்டியிருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்சுருளில் சேற்றுக் கறை இருந்தால் தண்ணீர் இருக்கை வரை ஏறியிருக்க வாய்ப்புண்டு.

எஞ்சினை ஆறிய நிலையில் பார்ப்பது முக்கியம். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பு வாடையும் அடித்தால் கூலண்ட் உள்ளே போகிறது. ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து வையுங்கள். லேசாகக் காற்று வருவது சகஜம், குபுகுபுவென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டனைத் தாண்டிக் காற்று கீழே கசிகிறது. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது தார் ரோட்டோடு நிறுத்திவிடாதீர்கள். மண் தரையில் ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் வழக்கமான வேகத்தில்), ஃபோர் லோ (நான்கும் மெதுவாக, அதிக இழுவையோடு) இரண்டையும் போட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் யாரும் தொடாததால் லோ விழாத வண்டிகள் நிறைய. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்துங்கள். டக் டக் என்று கேட்டால் முன் ஆக்சில் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதிக்கும்போது அடியில் 'டொக்' என்றால் பெரும்பாலும் கிராஸ் ஜாயிண்ட். இவை மாற்றக்கூடியவை, விலை பேசும்போது கழித்துக்கொள்ளலாம். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் நிற்காமல் உதறினால் மட்டும், காரணம் தெரியாமல் வாங்க வேண்டாம்.

உயர்த்திய சஸ்பென்ஷன், ஸ்நார்க்கல், விஞ்ச் எல்லாம் மாட்டிய வண்டியைவிட ஒன்றுமே மாட்டாத வண்டியைத்தான் நான் தேடுவேன். ஸ்நார்க்கல் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் காக்கும், ஆக்சிலின் நடுவே இருக்கும் கியர் தொகுதியான கிரவுனைக் காக்காது. ஓடிச் சூடான ஆக்சில் சட்டென்று தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாய் சரியில்லையென்றால் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். முன், பின் கிரவுன் இரண்டிலும் ஆயில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. எவ்வளவு நாளாக அப்படியே ஓடியது என்பது யாருக்கும் தெரியாது.

வீட்டில் இதைத் தவிர வேறு வண்டி இல்லை, தினமும் வேலைக்கு இதில்தான் போக வேண்டும் என்றால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். வண்டி வாரக்கணக்கில் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் காலமும் வரும். கையில் இருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடவும் வேண்டாம். பெல்ட், ஹோஸ், பிரேக், டயர் என்று முதல் மூன்று மாதத்தில் வரிசையாகச் செலவு வரும்.

3,12,000 வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரமே ஐந்து ஆயிலையும் மாற்றினேன்: எஞ்சின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுப்பது), முன் கிரவுன், பின் கிரவுன். பின் கிரவுன் ஆயில் லேசாக வெளுக்கத் தொடங்கியிருந்தது, பார்க்கப் போன அன்றே அதைக் காட்டி விலையைக் குறைத்திருந்தேன். பிரீதர் குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. புதுக் குழாய் போட்டு, அதன் முனையை எஞ்சின் அறை வரை மேலே ஏற்றிக் கட்டினேன். இப்போது மீட்டரில் 3,71,000. சென்ற மாதம் அந்த போல்ட்டை மறுபடி கழற்றிப் பார்த்தேன், ஆயில் தெளிவாக இருந்தது.