படை கிளம்பிய மறுநாள் யார் காவல்? ராணுவத் தளத்தைப் பொருளாதார மண்டலமாக்குவோருக்கு

பழைய ராணுவத் தளத்தைச் சிறப்புப் பொருளாதார மண்டலமாக்கலாம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் வரிச்சலுகைக்குத் தாவிவிடுகிறார்கள். கட்டுமானப் பொறியாளராக நான் முதலில் கேட்பது வேறு. படை கிளம்பும் நாளுக்கும் முதல் ஆலை வரும் நாளுக்கும் நடுவே அந்த இடத்தை யார் பார்த்துக்கொள்வார்கள்?

பிலிப்பைன்ஸில் அமெரிக்கா வைத்திருந்த இரண்டு தளங்களைப் பாருங்கள். கிளார்க் விமானத்தளத்தை 1991 ஜூனில் பினாட்டுபோ எரிமலையின் சாம்பல் மூடியது. நவம்பரில் அமெரிக்கர்கள் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். சரியான காவல் இல்லாததால் பெரும் கொள்ளை நடந்தது. சூபிக் கடற்படைத் தளம் 1992 நவம்பரில் காலியானது. அங்கே பக்கத்து நகரமான ஒலோங்காப்போவின் மேயர் ரிச்சர்ட் கார்டன் சுமார் 8,000 தன்னார்வலர்களைத் திரட்டிக் காவலுக்கு நிறுத்தினார். சம்பளம் கிடையாது. 1995-லேயே கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸ் தன் ஆசிய மையத்தை அங்கே தொடங்கியது என்றால், ஓடுபாதையும் மின்சாரமும் கட்டடங்களும் சேதமில்லாமல் கிடைத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அதனால் ஒப்படைப்புக்கு முன்பே உங்கள் ஆட்கள் உள்ளே இருக்க வேண்டும். பம்ப் ஆபரேட்டர், எலெக்ட்ரீஷியன் போன்ற உள்ளூர்ப் பணியாளர்களை அப்படியே வேலையில் வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் அறையில் வரைபடத்தை விரித்தால் ஒரு குழாய்தான் தெரியும். தரையைத் தோண்டினால் இரண்டு கிடக்கும். எந்த வால்வை மூடினால் எந்தக் கட்டடத்தில் தண்ணீர் நிற்கும் என்பது அவர்களுக்குத்தான் அத்துபடி. அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, ஒவ்வொரு வால்வுக்கும் எண் போட்டு, வரைபடத்தைத் திருத்துங்கள்.

அடுத்தது மண். கையெழுத்துப் போடுவதற்கு முன் சோதித்தே ஆக வேண்டும், இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. எரிபொருள் தொட்டிகளைச் சுற்றி பெட்ரோலியக் கசிவு இருக்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு ரசாயனம், தீயணைப்புப் பயிற்சித் திடலில் நுரையின் ரசாயனம், விமானப் பட்டறையில் கரைப்பான்கள், சுடுதளத்தில் ஈயம் என்று இடத்துக்கு இடம் தேட வேண்டியது மாறும். வெடிக்காத குண்டுகளைத் தேட தனிக் குழு வேண்டும். நிலத்தடி நீரையும் எடுத்துப் பாருங்கள். எரிமலையால் வீடிழந்த குடும்பங்களைக் கிளார்க்கின் பழைய வாகனப் பணிமனைப் பகுதியில் குடிவைத்தார்கள். அவர்கள் அங்கிருந்த கிணற்றுத் தண்ணீரையே குடித்தார்கள். நீர் மாசுபட்ட செய்தி பிறகுதான் வெளிவந்தது. தளங்களைச் சுத்தம் செய்துதர அமெரிக்காவை இரு நாடுகளின் தள ஒப்பந்தம் கட்டாயப்படுத்தவில்லை. எனவே சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்பதை ஒப்படைப்புப் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இனி சட்டம். 1992-இன் 7227-ஆம் சட்டம் சூபிக்குக்குத் தனி ஆணையத்தைத் தந்தது. வழக்கமான வரிகளுக்குப் பதில் மொத்த வருமானத்தில் 5 சதவீதம் கட்டினால் போதும் என்றது. இன்னொரு பழைய அமெரிக்கத் தளமான ஜான் ஹே முகாமுக்கு அதே சலுகையை நாடாளுமன்றத்துக்குப் போகாமல் ஜனாதிபதி பிரகடனத்தால் கொடுத்தார்கள். அது செல்லாது என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. சலுகையை நம்பிப் பணம் போட்டவர்களின் நிலைமையை யோசியுங்கள். ஆகவே சலுகை எதுவானாலும் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் இருக்கட்டும்.

படைவீரர் குடியிருப்புகளை ஆலையாக்கப் பார்க்காதீர்கள், கூரை உயரம் போதாது. ஹேங்கர்கள் எனும் விமானக் கொட்டகைகள், ஆழமான துறைமுகம், நீண்ட ஓடுபாதை ஆகியவற்றுக்குப் பொருத்தமான தொழிலைத் தேடுங்கள்.

ஒரே பெரிய நிறுவனத்தை நம்பியும் இருக்க வேண்டாம். சூபிக்கில் 2006-ல் வந்த ஹான்ஜின் கப்பல் கட்டும் தளம் 2019-ல் கடனில் நொடித்து, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். குத்தகைப் பத்திரத்தில், குறித்த காலத்துக்குள் கட்டடம் எழும்பாத நிலம் ஆணையத்துக்கே திரும்பும் என்ற விதி இருக்கட்டும். பெரிய நிறுவனம் கேட்கிறது என்பதற்காக அதை நீக்கிக் கொடுக்காதீர்கள்.