குற்றம், அதிகாரம், பணிவு: ஆங்கிலச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் க.பொ.த. சாதாரண தர மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு, கொப்பிகளில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘எ தீஃப் றொப்ட் மை பைசிக்கிள்.’ கல்லடியில் நிறுத்திவைத்த துவிச்சக்கரவண்டி களவுபோனதைச் சொல்ல வந்த பிள்ளை, ‘ஸ்டோல்’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘றொப்ட்’ என்று எழுதிவிடுகிறது. தமிழில் வங்கியையும் கொள்ளையடிக்கலாம், அங்கிருந்த பணத்தையும் கொள்ளையடிக்கலாம். ஆங்கிலத்திலோ ‘றொப்’ என்ற வினை பறிகொடுத்த ஆளையோ இடத்தையோ செயப்படுபொருளாகக் கொள்ளும். ‘ஸ்டீல்’ பறிபோன பொருளைக் கொள்ளும். சட்டத்திலும் இவை ஒன்றல்ல. 1883 ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை களவையும் கொள்ளையையும் தனித்தனியே வரையறுக்கிறது. வன்முறையோ உடனடித் தீங்கு நேரும் என்ற அச்சுறுத்தலோ சேரும்போதுதான் களவு கொள்ளையாகிறது. ஆகவே ஆளில்லாத நேரம் பார்த்து வண்டியைக் கொண்டுபோனவர் ‘தீஃப்’ தான், ‘றொபர்’ அல்லர்.

இதைவிட என்னை வருத்தும் தவறு வேறு. செய்தியைச் சுருக்கி எழுதும் பயிற்சியில், பொலிஸார் கைது செய்து, நீதவான் விளக்கமறியலில் வைக்க உத்தரவிட்ட ஒருவரை மாணவர்கள் தயக்கமின்றி ‘கல்பிரிட்’ என்றோ ‘கிரிமினல்’ என்றோ எழுதுகிறார்கள். சந்தேகநபர் ‘சஸ்பெக்ட்’, குற்றஞ்சாட்டப்பட்டு வழக்கை எதிர்கொள்பவர் ‘அக்கியூஸ்ட்’, நீதிமன்றம் குற்றவாளியெனத் தீர்ப்பளித்து, தண்டனையும் பெற்ற பின்னரே அவர் ‘கொன்விக்ட்’. குற்றவாளியென நிரூபிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் நிரபராதியெனக் கருதப்படவேண்டும் என்று நமது அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை கூறும்போது, விசாரணை தொடங்குமுன்பே ஒருவரைக் குற்றவாளியாக்கும் சொல்லை எழுதுவது இலக்கணப் பிழையைவிடப் பெரிய பிழை என்றே நான் கருதுகிறேன்.

‘அக்கியூஸ்’ உடன் ‘ஒவ்’, ‘சார்ஜ்’ உடன் ‘வித்’, ‘பிளேம்’ உடன் ‘ஃபோர்’ வரும். இவற்றுக்குக் காரணம் தேடவேண்டியதில்லை. சோடியாகவே மனனம் செய்துகொள்ளலாம்.

பணிவைக் குறிக்கும் சொற்களில் நமது வேற்றுமை உருபே நம்மை வழிதவறச் செய்கிறது. ‘பெற்றோருக்குக் கீழ்ப்படி’ என்பதில் உள்ள ‘கு’ உருபை அப்படியே கொண்டுபோய் ‘ஒபே டு யுவர் பேரன்ட்ஸ்’ என்று எழுதுகிறார்கள். ‘ஒபே’ எந்த முன்னிடைச்சொல்லையும் ஏற்காது. ‘ஒபே யுவர் பேரன்ட்ஸ்’ என்பதே சரி. மாறாக, அதிகாரத்துக்கு அடிபணிதல் என்ற பொருளில் ‘சப்மிட்’, ‘சரண்டர்’, ‘யீல்ட்’ ஆகிய மூன்றும் ‘டு’ வை வேண்டுவன. பிரதேச செயலகத்தில் விண்ணப்பத்தை ‘சப்மிட்’ செய்வதை மட்டுமே அறிந்த பிள்ளைக்கு, அதே சொல் அடிபணிதலையும் குறிக்கும் என்பது புதிதாக இருக்கும்; கையளிக்கும் பொருளைச் சொல்லும்போது ‘டு’ இல்லாமலே அது செயப்படுபொருளை ஏற்கும்.

‘அடக்கு’ என்ற ஒரே சொல்லுக்கு அகராதி ‘சப்ரெஸ்’, ‘ஒப்ரெஸ்’ இரண்டையும் காட்டுவதால் இன்னொரு குழப்பம் நேர்கிறது. கிளர்ச்சியையும், சாட்சியத்தையும், இருமலையும்கூட ‘சப்ரெஸ்’ செய்யலாம். ‘ஒப்ரெஸ்’ ஆட்சியாளரோ வலிமையுள்ளோரோ மக்களை நீண்டகாலம் கொடுமையாக நடத்துவதைக் குறிக்கும் கனமான சொல். வகுப்பிலிருந்த சத்தத்தை ஆசிரியர் அடக்கினார் என்பதற்கு ‘த டீச்சர் ஒப்ரெஸ்ட் த நொய்ஸ்’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு ‘சைலன்ஸ்ட் த கிளாஸ்’ என்று எழுதிக் கொடுத்தேன்.